லைட்டை மாற்றும் முன் புதிய இலையைப் பாருங்கள்: மீன் தொட்டிச் செடிகளின் கோளாறுகளும் தீர்வுகளும்

"செடி சரியா வரலை. இதைவிடப் பெரிய லைட்டா வாங்கிப் போடட்டுமா?"

புதிதாக மீன் தொட்டி வைத்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் லைட் போதுமானதாகவே இருக்கும். ஆனால் அது விடிந்ததிலிருந்து படுக்கும் வரை எரிந்துகொண்டிருக்கும். அல்லது மணலுக்கு மேலே இருக்க வேண்டிய கிழங்கு உள்ளே புதைந்திருக்கும். அல்லது தண்ணீருக்கு அடியில் வாழவே முடியாத செடி ஒன்று மெல்லச் செத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும், பணம் கேட்கும் தீர்வைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். உங்கள் தொட்டியில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். அதற்கு முன் அடுத்த பத்தியை மட்டும் படித்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்: புதிய இலை

பழைய இலை போன மாதத்துக் கதையைச் சொல்லும். ஓட்டை விழுந்த இலை, மஞ்சளான இலை, பாசி படிந்த இலை எதுவும், என்ன செய்தாலும், பழையபடி ஆகாது. தண்டின் நுனியிலோ செடியின் நடுவிலோ இப்போது விரிகிற இலைதான் இன்றைய நிலவரம். அது நல்ல நிறத்தில் முழுசாக வந்தால் தொட்டி தேறிக்கொண்டிருக்கிறது, எதையும் தொட வேண்டாம். அப்படி வரவில்லை என்றால் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து இரண்டு வாரம் பொறுங்கள். மூன்றை ஒன்றாகச் செய்தால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு வளர்ச்சி தெரியாது.

அறிகுறி 1: நட்ட சில நாட்களில் இலைகள் கரைந்து கூழாகின்றன

புதியவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். உயிருள்ள செடிகள் அதிகமாகக் குப்பைக்குப் போவதும் இங்கேதான். எந்தச் செடி என்பதை வைத்தே அடுத்த அடியை முடிவு செய்ய வேண்டும்.

*கிரிப்டோகரைன் என்றால்*

இந்தச் செடிக்கு இடமாற்றமே பிடிக்காது. தண்ணீர், வெளிச்சம், வெப்பம் எது மாறினாலும் இருக்கிற இலைகளை எல்லாம் கரைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மணலை லேசாக விலக்கி, வேர் கூடும் இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. கரைந்த இலைகளை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். பிடுங்கி வேறு இடத்தில் நடாதீர்கள், மறுபடி கரையும். மூன்று நான்கு வாரத்தில் சின்னதாக ஓர் இலை எட்டிப் பார்க்கும்.

*அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்றால்*

இவை இரண்டும் மணலில் நடுகிற செடிகள் அல்ல. படுக்கைவாட்டில் ஓடும் தடித்த கிழங்கு போன்ற பகுதியை ரைசோம் என்பார்கள். அது மணலுக்குள் போனால் அழுகும். வெளியே எடுத்து அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று நசுங்கி நாற்றம் அடிக்கும் பகுதியை, கெட்டியான சதை தெரியும் வரை வெட்டி எறியுங்கள். மிஞ்சியது இரண்டு அங்குலம் இருந்தாலும் பிழைக்கும். அதை ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் கட்டுங்கள், அல்லது ஜெல் வடிவ சூப்பர் குளூவில் ஒட்டுங்கள். சில வாரங்களில் வேர் தானே பிடித்துக்கொள்ளும்.

ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது நோயல்ல. இனப்பெருக்கத்துக்கான வித்துகள் அவை. இலை நுனியிலேயே குட்டிச் செடியும் முளைக்கும். அதைப் பார்த்துப் பயந்து இலையை வெட்டியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

*தண்டுச்செடி, அமேசான் ஸ்வோர்ட் என்றால்*

நர்சரிகளில் இவற்றை வேர் மட்டும் நனைய, இலை காற்றில் இருக்கும்படி வளர்ப்பது வழக்கம். காற்றில் வளர்ந்த இலைக்குத் தண்ணீருக்குள் வேலை செய்யத் தெரியாது. அது போய், மெல்லிய வேறு வடிவ இலை வரும். நுனியில் புதுத் துளிர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அழுகிய கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுக் காத்திருங்கள்.

*வாலிஸ்நேரியா என்றால்*

திரவக் கார்பன் என்ற பெயரில் விற்கும் மருந்தை ஊற்றினீர்களா? அதில் இருப்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு. வாலிஸ்நேரியாவும் ஹார்ன்வொர்ட்டும் பல மாஸ் வகைகளும் அதைத் தாங்காது. நிறுத்திவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள்.

*இவை எதுவும் இல்லை என்றால்*

வாங்கியது நீர்ச்செடிதானா என்று பாருங்கள். லக்கி பேம்பூ, பீஸ் லில்லி, மாண்டோ புல், இளஞ்சிவப்பு நரம்போடும் ஃபிட்டோனியா எல்லாம் மீன் தொட்டிச் செடி என்று விற்கப்படுகின்றன. முழுக்க மூழ்கினால் இவை சில வாரமோ சில மாதமோ தாக்குப்பிடித்துச் சாகும். எந்த லைட்டும் இவற்றைக் காப்பாற்றாது. பீஸ் லில்லியையும் லக்கி பேம்பூவையும் வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொட்டி விளிம்பில் வைத்தால் அழகாக வளரும். மற்றவற்றை மண் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

யாரை எப்போது கேட்பது? ஒரு மாதம் ஆகியும் எந்தச் செடியிலும் ஒரு துளிர்கூட இல்லை என்றால், செடித் தொட்டி வைத்து அனுபவமுள்ள கடைக்காரரிடம் தொட்டித் தண்ணீரையும் ஒரு செடியையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

அறிகுறி 2: தண்டு நெடுநெடுவென்று போகிறது, கீழ் இலைகள் உதிர்கின்றன

இது உண்மையான வெளிச்சக் குறை. இரண்டு இலைகளுக்கு நடுவே இருக்கும் கணு இடைவெளி நீள்வதும், செடி மேலே மேலே ஏறுவதும், அடித்தண்டு மொட்டையாவதும் ஒன்றாக வந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போதும் உடனே கடைக்குப் போகாதீர்கள்.

முதலில் மூடியைத் துடையுங்கள். தண்ணீர் தெறித்துத் தெறித்துக் கண்ணாடி மூடியில் வெள்ளை உப்புப் படிவு சேரும். வெளிச்சத்தில் நல்ல பங்கை அதுவே தடுத்துவிடும். வினிகர் நனைத்த துணியால் துடைத்துக் கழுவினால் போய்விடும். அடுத்து, மேலே மிதக்கும் செடிகள் எவ்வளவு இடத்தை மூடியிருக்கின்றன என்று பாருங்கள். சால்வினியா, டக்வீட், ஆகாயத்தாமரை எல்லாம் சில வாரத்தில் முழுப் பரப்பையும் அடைத்துவிடும். பாதியை அள்ளி எறியுங்கள். மூன்றாவது, லைட் எந்த முறையில் எரிகிறது என்று பாருங்கள். பல லைட்டுகளில் நீல நிற இரவு முறை உண்டு. மாலை முழுக்க அதை எரியவிட்டு, வெளிச்சம் கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. செடிக்கு அது போதாது.

இவை எல்லாம் சரியாக இருந்தால் லைட்டின் அளவைக் கணக்குப் பாருங்கள். வாட் எண்ணை விட்டுவிடுங்கள், அது மின்சாரச் செலவைத்தான் சொல்லும். பெட்டியில் எழுதியிருக்கும் லூமென் எண்ணை, அதாவது லைட் தரும் வெளிச்சத்தின் அளவை, தொட்டியின் லிட்டரால் வகுங்கள். லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் என்றால் எளிய செடிகளுக்குப் போதும். 20 முதல் 40 வரை நடுத்தரம். 40-ஐத் தாண்டினால், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைக்காத தொட்டியில் செடியைவிடப் பாசிதான் முந்தும். 60 லிட்டர் தொட்டிக்கு 900 லூமென் லைட் என்றால் லிட்டருக்கு 15, தாராளம். ஆனால் 45 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமான தொட்டியில் அடிவரை வெளிச்சம் இறங்குவது குறையும், அங்கே இந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

நிறத்துக்கு 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் போதும். வீட்டு எல்இடி விளக்குகளில் கூல் டேலைட் என்று வருவது இதுதான். சிறிய தொட்டிக்குக் கழுத்து வளையும் மேசை விளக்கில் அப்படியொரு பல்பைப் போட்டே நான் செடி வளர்த்திருக்கிறேன். செடிக்கென்று தனியாக வரும் சிவப்பு, நீலம் கலந்த லைட் கண்ணுக்கு அழகு, நிறத்தைத் தூக்கிக் காட்டும். வேண்டுமென்றால் வாங்குங்கள், அது இல்லாமல் செடி வளராது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

என் கருத்து இது: லைட்டை மாற்றுவதைவிடச் செடியை மாற்றுவது மலிவு. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், கிரிப்டோகரைன் வென்டி (wendtii). இந்த நான்கும் குறைந்த வெளிச்சத்தில் நன்றாக நிற்கும். வேகமாக வளர்வது ஒன்றும் வேண்டும் என்றால் ஹார்ன்வொர்ட்டோ வாட்டர் ஸ்ப்ரைட்டோ சேர்த்துக்கொள்ளலாம். தரையில் புல்வெளி போலப் படரும் செடிகளும் இரத்தச் சிவப்பு இலைச் செடிகளும் முதல் தொட்டிக்கு வேண்டாம். அவற்றுக்காகத்தான் எல்லோரும் பெரிய லைட்டைத் தேடிப் போய்ப் பாசியில் சிக்குகிறார்கள்.

அறிகுறி 3: பாசி

எந்த வகையாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: லைட் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது? 'காலையில போடுவோம், ராத்திரி அணைப்போம்' என்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு டைமர் வாங்கி 6 மணி நேரத்துக்கு வையுங்கள். இந்த அளவு வெளிச்ச நேரத்தில் செடிகள் வாடாது. ஒரு மாதம் கழித்து, செடிகள் நன்றாகப் பிடித்த பிறகு, 8 மணி நேரம் வரை கூட்டலாம். அதற்கு மேல் தேவையில்லை. மாலையில் மீன்களைப் பார்க்க ஆசை என்றால் டைமரை மாலைக்கு மாற்றுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். இரண்டாவது கேள்வி: ஜன்னல் வெயில் தொட்டியில் நேராக விழுகிறதா? விழுந்தால் திரை போடுங்கள், அல்லது தொட்டியின் பின்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள்.

இனி நிறத்தைப் பார்த்துப் பிரியுங்கள்.

*பழுப்புத் தூசு, விரலால் தடவினால் போகிறது*

டயட்டம் என்ற பழுப்புப் பாசி. புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதத்துக்குள் வரும், தானே போகும். துடையுங்கள், பொறுங்கள். எதுவும் வாங்க வேண்டாம். தொட்டி நன்றாக நிலைபெற்ற பிறகு நெரைட் நத்தைகள் விட்டால் சுத்தமாக மேய்ந்துவிடும்.

*கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் கெட்டியான பச்சைப் புள்ளிகள்*

வெளிச்சம் அதிகம், அல்லது பாஸ்பேட் குறைவு. கண்ணாடித் தொட்டியில் பிளேடால் சுரண்டலாம். அக்ரிலிக் தொட்டியில் பிளேடு கோடு போடும், பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். மெதுவாக வளரும் செடிகளை லைட்டுக்கு நேர் கீழே வைக்காமல் மரக்கட்டையின் நிழலுக்கோ உயரமான செடியின் அடிக்கோ நகர்த்துங்கள்.

*பச்சை நூல், முடி*

பல் துலக்கும் பழைய பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுற்றுங்கள், நூல்கண்டு போல வரும். லைட் எரியும் நேரத்தை 6 மணி நேரமாகக் குறைத்து, லைட்டை 10 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். கூடவே வேகமாக வளரும் செடிகளைக் கூட்டுங்கள். தொட்டியில் இரண்டு செடி மட்டும் இருந்தால் தண்ணீரில் இருக்கும் சத்தை எல்லாம் பாசி சாப்பிடும். முதல் நாளிலேயே நிறையச் செடி வைப்பதுதான் பாசிக்கு நல்ல தடுப்பு.

*கருப்பாகத் தாடி போல, இலை விளிம்பிலும் கட்டையிலும்*

பிளாக் பியர்ட் என்பார்கள். இது கொஞ்சம் பிடிவாதமானது. படிந்த இலைகளை வெட்டிவிடுங்கள். கல்லையும் கட்டையையும் வெளியே எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாசிமேல் தடவிச் சில நிமிடம் விட்டுக் கழுவி உள்ளே வையுங்கள். சில நாளில் அது சிவந்து வெளுக்கும், பிறகு மீனும் இறாலும் தின்னும். ஃபில்டரைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள், தீனியைக் குறையுங்கள். கார்பன் டை ஆக்சைடு கொடுக்கிறவர்கள் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பாசிக்கு அந்தத் தடுமாற்றம்தான் தீனி.

*நீலப்பச்சை ஆடை, தொட்டால் ஏடு போல உரிகிறது, வாடை அடிக்கிறது*

இது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. நீரோட்டம் போகாத மூலையில் தொடங்கும். குழாயால் உறிஞ்சி எடுங்கள். பிறகு தொட்டியைப் போர்வையால் மூடி மூன்று நாள் முழு இருட்டில் வையுங்கள். அந்த மூன்று நாளும் ஏர் பம்ப் ஓட வேண்டும். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரின் வாயை அந்த மூலையைப் பார்க்கத் திருப்புங்கள். இருமுறை இப்படிச் செய்தும் திரும்பி வந்தால் ஆன்டிபயாடிக் பற்றிச் சிலர் சொல்வார்கள். மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் அதை ஊற்றாதீர்கள், ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்கும் ஆபத்து.

*தண்ணீரே பச்சை*

கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் பாசி. தண்ணீரை மட்டும் மாற்றினால் இரண்டே நாளில் திரும்பும். வெயிலைத் தடுத்து, நான்கு நாள் இருட்டில் வைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், புற ஊதா ஒளியால் பாசியைக் கொல்லும் யுவி ஸ்டெரிலைசர்தான் நம்பகமான தீர்வு. செலவாகும், ஆனால் வேலை செய்யும்.

அறிகுறி 4: இலை மஞ்சள், ஓட்டை, சுருக்கம்

இங்கேதான் புதிய இலையா பழைய இலையா என்ற கேள்வி பதிலையே சொல்லிவிடும்.

புதிய இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. பழைய இலை முழுசாக மஞ்சளாகி உதிர்ந்தால் நைட்ரஜன் குறை. பழைய இலையில் குண்டூசியால் குத்தியது போல ஓட்டை விழுந்து ஓரம் மஞ்சளானால் பொட்டாசியம் குறை. புதிய இலை கோணலாக, சுருண்டு வந்தால் தண்ணீர் மிக மென்மையாக இருந்து கால்சியம் போதாமல் இருக்கலாம். ஓட்டையைப் பார்த்ததும் எல்லோரும் நத்தையைத்தான் குற்றம் சொல்கிறார்கள். தொட்டியில் தானாக வரும் சிறு நத்தைகள் பெரும்பாலும் ஏற்கெனவே சாகிற இலையைத்தான் தின்னும்.

உரம் வாங்கும் முன் நைட்ரேட் டெஸ்ட் ஒன்று செய்யுங்கள். சுழி என்று காட்டினால் செடிகள் பசியில் இருக்கின்றன. 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) போல இருந்தால் நைட்ரஜன் பிரச்சினை அல்ல. மீன் தொட்டிச் செடிகளுக்கென்று விற்கும் எல்லாச் சத்தும் கலந்த திரவ உரத்தை, பாட்டிலில் சொன்ன அளவில் பாதியில் தொடங்குங்கள். கிரிப்டோகரைனும் அமேசான் ஸ்வோர்ட்டும் வேரால் நிறையச் சாப்பிடுபவை. அவற்றின் அடியில் மணலுக்குள் உர மாத்திரையைச் செருகுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். கல்லில் கட்டிய அனுபியாஸுக்கு மாத்திரையால் பயனில்லை, அதற்குத் திரவம்தான். தோட்டத்து யூரியாவையும் கலப்பு உரத்தையும் ஒருபோதும் போடாதீர்கள். அமோனியா ஏறி மீன்கள் ஒரே இரவில் போய்விடும்.

அறிகுறி 5: செடி பிடுங்கிக்கொண்டு மிதக்கிறது

மணல் 5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். தண்டைச் சுற்றிவரும் ஈயப் பட்டையோடும் பஞ்சோடும் அப்படியே நடாமல், பிரித்து ஒவ்வொரு தண்டாக, கீழ் இலைகளைக் கிள்ளி, நீண்ட இடுக்கியால் சாய்வாகச் செருகுங்கள். ஹார்ன்வொர்ட்டுக்கு வேரே கிடையாது. அது மிதப்பது கோளாறல்ல, மிதக்கவே விடுங்கள். கோல்ட்ஃபிஷும் பெரிய சிக்லிட்களும் தோண்டிக்கொண்டே இருந்தால் அவற்றோடு போராடிப் பயனில்லை. கல்லில் ஒட்டிய அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மட்டும் வையுங்கள்.

அறிகுறி 6: காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு விடுகின்றன

இது காத்திருக்கும் விஷயம் அல்ல. ஏர் பம்பைப் போட்டுவிட்டு மேலே படியுங்கள். ஏர் பம்ப் இல்லையென்றால் ஃபில்டரின் வாயை மேற்பரப்பு கலங்கும்படி உயர்த்துங்கள்.

*காலையில் மட்டும், பகலில் சரியாகிவிடுகிறது என்றால்:* லைட் அணைந்ததும் செடிகளும் ஆக்சிஜனை எடுக்கும். செடி அடர்த்தியாகவும் மேற்பரப்பு அசையாமலும் இருந்தால் விடியலில் பற்றாக்குறை வரும். இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும். கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்கள் லைட்டோடு சேர்ந்து அதுவும் அணையும்படி டைமரில் இணையுங்கள்.

*நாள் முழுக்க என்றால்:* அமோனியாவும் நைட்ரைட்டும் சோதியுங்கள். இரண்டும் சுழியாக இருக்க வேண்டும். கரைந்த இலைகளை எடுக்காமல் விட்ட புதுத் தொட்டிகளில் இது அடிக்கடி நடக்கும். குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதியை மாற்றி, அழுகியதை எல்லாம் அள்ளுங்கள். சோதனையில் இரண்டும் சுழியாக இருந்தும் மீன்கள் தவித்தால், செவுள் வீங்கியோ சிவந்தோ தெரிந்தால், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள்.

அறிகுறி 7: லைட் மினுக்குகிறது, பாதி எரியவில்லை, தண்ணீரைத் தொட்டால் சுரீர் என்கிறது

மினுக்கினால் முதலில் பிளக்கையும் அடாப்டரையும் பாருங்கள். எல்இடி பட்டைக்கு முன் அடாப்டர் போவது சாதாரணம். மாற்று அடாப்டரில் வோல்ட் எண் அதே எண்ணாகவும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். இணைப்பு முனையில் பச்சையாகத் துரு தெரிந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. பட்டையில் ஒரு பகுதி மட்டும் இருட்டாக இருந்தால் பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவது நல்லது. வாங்கும்போது ஐபி67 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தவறித் தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும்.

சுரீர் என்றால் கையை விட்டு எதையும் சோதிக்காதீர்கள். லேசான கூச்சம்தானே என்று நினைக்க வேண்டாம். தொட்டியைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணையுங்கள், அதன் பிறகு எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். குற்றவாளி லைட்டாக இல்லாமல், கண்ணாடி விரிசல் விட்ட ஹீட்டராகவும் இருக்கலாம். எது என்று நீங்களே ஒவ்வொன்றாகச் செருகிக் கண்டுபிடிக்க முயல வேண்டாம், இது எலக்ட்ரீஷியனின் வேலை. அவர் வரும்போது எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த இணைப்பில், மின்கசிவு வந்தால் 30 மில்லி ஆம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி என்ற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றும் போடச் சொல்லுங்கள். தொட்டிக்குப் போகும் ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி வளைந்து மேலே ஏறட்டும். அப்போதுதான் ஒயர்வழி வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.